கரையேறும் நேரம்

புளியடிவயலில் அறுப்புக்குப் போகிறவர்களுக்கு, வேலை முடிந்தது என்று யாரும் வந்து சொல்ல வேண்டியதில்லை. ஊருக்கு வடக்கே, கண்மாய்க்கரைக்கு அப்பால் ரயில் பாதை ஓடியது. ராமநாதபுரத்திலிருந்து மண்டபத்துக்குப் போகும் சாயங்கால வண்டி அந்த வளைவில் திரும்பும்போது நீளமாக ஒரு தடவை கூவும். அவ்வளவுதான். குனிந்திருந்தவர்கள் நிமிர்வார்கள், அரிவாளை இடுப்பில் செருகிக்கொண்டு வரப்பில் ஏறுவார்கள். பாதி அரிந்த கதிர் கையில் இருந்தால் அதைக் கீழே வைத்துவிட்டுப் போவார்கள்.

இது நிலத்துக்காரர் பூமிநாதனின் அப்பா காலத்தில் ஏற்பட்ட வழக்கம். அதற்கு முன்னால் ஒவ்வொரு அறுப்பிலும் இதே தகராறுதான். இன்னும் பொழுது இருக்கிறது என்று நிலத்துக்காரர் சொல்வார், பொழுது போய்விட்டது என்று அறுக்கிறவர்கள் சொல்வார்கள். கடைசியில் வண்டியை வைத்துக்கொள்வோம் என்று இரண்டு பக்கமும் ஒத்துக்கொண்டது. வண்டி யாருடையதும் இல்லை. சில நாள் பிந்தி வரும், அன்றைக்குப் பூமிநாதனுக்கு லாபம். சில நாள் முந்தி வரும், அன்றைக்கு அறுக்கிற பெண்களுக்கு லாபம். யாரும் யாரையும் குறை சொல்ல முடியாது.

அறுபத்து நாலாம் வருஷம் மார்கழியில் அந்தப் புயல் வந்தது.

விடிந்து பார்த்தபோது ஊரில் நின்றுகொண்டிருந்த பனைகளை எண்ணிவிடலாம் போலிருந்தது. தந்திக் கம்பங்கள் பாதையோரம் படுத்துக்கிடந்தன. இரண்டு வருஷத்துக்கு முன்புதான் ஊருக்குள் வந்திருந்த கரண்டுக் கம்பி முள்வேலியில் சுருண்டு கிடந்தது. கண்மாய் உடைந்து ரயில் பாதையின் அடிமண்ணை அரித்துக்கொண்டு போயிருந்தது. தண்டவாளம் மட்டும் கட்டைகளோடு அந்தரத்தில் தொங்கியது. தார் ரோடும் இரண்டு இடத்தில் அறுந்துவிட்டது. தனுஷ்கோடியைக் கடல் எடுத்துக்கொண்டது, பாம்பன் பாலம் போய்விட்டது என்ற செய்தி, நடந்து வந்த ஆட்களின் வாய்வழியாக, நாலைந்து நாள் கழித்துத்தான் புளியடிவயலுக்கு வந்து சேர்ந்தது. கேட்டவர்கள் அந்தத் திசையை ஒரு தடவை பார்த்தார்கள். பிறகு தங்கள் கூரையைப் பார்க்கப் போனார்கள்.

அதன்பின் ஊர் ஒரு மாதிரி ஓடத் தொடங்கியது. தீப்பெட்டி இல்லை. எந்த வீட்டில் அடுப்பு அணையாமல் இருக்கிறதோ அங்கே போய்க் கொட்டாங்கச்சியில் கங்கு வாங்கிவந்தார்கள். மண்ணெண்ணெய் இல்லை, எனவே வெளிச்சம் இருக்கும்போதே சோறாக்கி, வெளிச்சம் இருக்கும்போதே தின்று படுத்தார்கள். கடைக்காரரிடம் உப்புத் தீர்ந்ததும், கிழக்கே கடற்கரையை ஒட்டியிருந்த கீழவலசைக்கு நெல்லைத் தூக்கிக்கொண்டு போனார்கள். அது முஸ்லிம்கள் இருக்கும் ஊர். அவர்களிடம் உப்பும் கருவாடும் இருந்தன, அரிசி இல்லை. ஒரு படி நெல்லுக்கு எவ்வளவு கருவாடு என்று முதல் நாள் கொஞ்சம் இழுபறி நடந்தது. இரண்டாம் நாள் அதுவும் பழகிவிட்டது.

பொங்கலுக்கு முன்னால் அறுப்புத் தொடங்கியது. கீழ்வயல் முழுக்க உப்புத்தண்ணீர் ஏறிக் கெட்டுப்போயிருந்தது. மேட்டு வயல்களில் கதிர் சாய்ந்து கிடந்தாலும் நெல் இருந்தது. ஆனால் ஈரத்தில் கிடந்தால் முளைத்துவிடும். ஒவ்வொரு வருஷமும் சிவகங்கைப் பக்கமிருந்து ரயிலேறி அறுப்புக்கு வரும் கூட்டம் இந்த முறை வர வழியில்லை. உள்ளூர்ப் பெண்கள் மட்டும்தான். அவர்களுக்கு முன்னால் நின்று கணக்குப் பேசுகிறவள் முருகேஸ்வரி.

முருகேஸ்வரிக்கு முப்பத்தைந்து வயது இருக்கும். நெடுநெடுவென்று இருப்பாள், அதிகம் பேசமாட்டாள். பேசினால் பேசினதுதான். அவள் புருஷன் தவசி மற்ற ஆண்களோடு ரோட்டு உடைப்பை அடைக்கிற வேலைக்குப் போய்க்கொண்டிருந்தான். வீட்டில் இரண்டு பெண்பிள்ளைகள்.

அறுப்பின் முதல் நாள் பின்னேரம். வெயில் மஞ்சளாகிவிட்டது. யாரும் நிமிரவில்லை. எல்லோருடைய காதும் வடக்கே இருந்தது. முருகேஸ்வரியின் நாத்தனார் மீனம்மாள்தான் கடைசியில் வாயைத் திறந்தாள்.

"மதினி, நாம எதைக் கேக்குறதுக்கு நிக்கிறோம்? வண்டிதான் வராதே."

எல்லோரும் சிரித்துவிட்டார்கள். ஆனால் வரப்பில் குடை ஊன்றி நின்றிருந்த பூமிநாதன் சிரிக்கவில்லை.

"வண்டி வரலைன்னா என்ன? வெளிச்சம் இருக்குல்ல, அறுங்க" என்றார்.

அவரும் கெட்ட மனுஷர் இல்லை. நெல் முளைத்துவிடும் என்ற பயம் அவரைத் தூங்கவிடாமல் அடித்துக்கொண்டிருந்தது. அன்றைக்கு அவர்கள் வேலை விட்டுக் கரையேறியபோது கதிருக்கும் களைக்கும் வித்தியாசம் தெரியவில்லை. முருகேஸ்வரி வீட்டுக்கு வந்து, இருட்டில் தடவித் தடவி அரிசி களைந்து உலை வைத்தாள். சோற்றில் மணல். சின்னவள் ஒரு வாய் வைத்துவிட்டுத் தட்டைத் தள்ளினாள். தவசி மென்றுகொண்டே, "கடக்கரை மண்ணுல்ல, சத்து" என்றான். முருகேஸ்வரிக்குச் சிரிப்பு வரவில்லை.

மறுநாள் பூமிநாதன் வீட்டுக் கூடத்தில் மாட்டியிருந்த சாவி கொடுக்கிற கடிகாரத்தைப் பற்றிச் சொன்னார். "இனிமே கடியாரத்தைப் பாத்து ஆளனுப்புறேன். நாலரைன்னா நாலரை. சரிதானா?"

பெண்கள் சரி என்றார்கள். அன்றைக்கும் இருட்டித்தான் ஆள் வந்தது. அதற்கு அடுத்த நாள் கூலி நெல் வாங்கப் போன இடத்தில், முருகேஸ்வரி பூமிநாதனின் மனைவி சண்முகவள்ளியிடம் கேட்டாள்.

"அம்மா, அந்தக் கடியாரம் சரியா ஓடுதா?"

சண்முகவள்ளி நெல்லை அளந்தபடியே சொன்னாள். "அது புயலன்னைக்கே நின்னு போச்சு ஆத்தா. நேத்துத்தான் சாவி குடுத்து ஓடவிட்டாக."

"என்ன மணின்னு வச்சாக?"

"அண்ணாந்து பாத்தாக. ஒரு மணியா இருக்கும்னாக. வச்சாக."

கூடத்துக்குள் இருந்த பூமிநாதன் இதைக் கேட்டுக்கொண்டேதான் இருந்தார். வெளியே வரவில்லை.

கடிகாரம் போனதும் குச்சி வந்தது. வயலின் நடுமேட்டில் ஒரு பூவரசுக் குச்சியை நட்டார்கள். அதன் நிழல் ஒரு கல்லைத் தொட்டால் கரையேறலாம் என்று பேச்சு. இரண்டு நாள் நல்லபடியாக நடந்தது. மூன்றாம் நாள் நிழல் மத்தியானச் சோறு செரிக்கும் முன்பே கல்லைத் தொட்டுவிட்டது. பூமிநாதன் போய்ப் பார்த்தார். கல் நகர்ந்திருந்தது. மீனம்மாள் வேறு எங்கோ பார்த்தாள். அதற்கு மறுநாள் மத்தியானம் திரும்பி வெகுநேரமாகியும் நிழல் கல்லை நெருங்கவே இல்லை. முருகேஸ்வரி போய்ப் பார்த்தாள். குச்சி ஒரு சாண் குட்டையாகியிருந்தது. உடைத்த இடம் பச்சையாகத் தெரிந்தது.

"மொதலாளி, இது காத்துல ஒடிஞ்சதா?"

"காத்துல கல்லு நகந்துச்சுல்ல, அதே காத்துதான்" என்றார் பூமிநாதன்.

அதன்பின் பேச்சு வளர்ந்தது. விளக்கெரிக்க எண்ணெய் இல்லாத வீட்டுக்கு இருட்டில் போய் என்ன செய்வது என்று முருகேஸ்வரி கேட்டாள். நெல் முளைத்துப்போனால் கூலி எங்கிருந்து வரும், உங்கள் வீட்டு உலை எதில் கொதிக்கும் என்று அவர் கேட்டார். இரண்டுமே நியாயமாக இருந்ததால் சண்டை முடியவில்லை. முருகேஸ்வரி அரிவாளை வரப்பில் குத்திவிட்டு உட்கார்ந்தாள். மற்ற பெண்களும் வரிசையாக உட்கார்ந்துவிட்டார்கள். பூமிநாதன் எதிர்வரப்பில் குடையை மடித்துப் போட்டுவிட்டு அவரும் உட்கார்ந்தார். வயலில் சாய்ந்த கதிர் மட்டும் வாடைக்காற்றில் சரசரத்தது.

எவ்வளவு நேரம் அப்படி இருந்தார்களோ. அப்போது கீழ்த்திசையிலிருந்து ஒரு குரல் வந்தது. காற்றில் ஏறி இறங்கி, ஒரு சொல் தேய்ந்து மறு சொல் தெளிந்து, நிதானமாக வந்தது. கீழவலசைப் பள்ளிவாசலில் பாங்கு சொல்கிறார்கள்.

அது புதிதல்ல. தினமும் ஐந்து வேளையும் வருகிற குரல்தான். ஆனால் நெல் மில்லின் இரைச்சலும், ரோட்டில் போகும் லாரிகளும், பஞ்சாயத்து ரேடியோவும் இருந்த நாட்களில் அது எல்லாவற்றுக்கும் அடியில் எங்கேயோ கிடந்தது. இப்போது வேறு சத்தமே இல்லை.

முருகேஸ்வரி கழுத்தைத் திருப்பிக் கேட்டாள். முடியும் வரைக்கும் கேட்டாள்.

"மொதலாளி, இது எந்த வேளைத் தொழுகை?"

"அசர். பின்னேரத் தொழுகை."

"தெனமும் ஒரே நேரந்தானா?"

"பொழுதைப் பாத்துச் சொல்லுவாக. மாத்தமாட்டாக."

"அப்ப அதையே வச்சுக்கிருவோம். அவுகளுக்கு நம்ம வயலும் தெரியாது, நம்ம சண்டையும் தெரியாது."

பூமிநாதன் யோசித்தார். "வண்டியைவிட முந்தியாயிருமே ஆத்தா. எனக்கு அது நட்டம்."

"காலையிலயும் ஒரு பாங்கு சொல்லுறாகள்ல? இருட்டோட. அதுக்கு எந்திரிச்சு, வெளுத்ததும் வயல்ல நிக்கிறோம். முன்னாடி போறதை முன்னாடி வந்து குடுத்துர்றோம்."

மீனம்மாள் முணுமுணுத்தாள், "மதினி, என்னையக் கேக்காம என் தூக்கத்தை வித்துப்புட்ட." ஆனால் அன்றைய மிச்சத்தை அறுக்க முதலில் எழுந்து வயலில் இறங்கியது அவள்தான்.

இரண்டு நாள் கழித்துப் பூமிநாதன் கருவாட்டுக்கு நெல் கொடுக்கப் போன கையோடு, தவசியையும் கூட்டிக்கொண்டு பள்ளிவாசலுக்குப் போனார். பாங்கு சொல்லும் பாக்கர் அறுபதைத் தாண்டியவர். மெலிந்த உடம்பு, அந்தக் குரல் அதற்குள் எங்கே இருக்கிறது என்று தெரியாது. புயலில் பறந்த ஓடுகளுக்குப் பதில் கிடுகு வேய்ந்துகொண்டிருந்தார். விஷயத்தைக் கேட்டதும் ஏணியிலிருந்து இறங்கி வந்தார்.

"நான் பாங்கு சொன்னா எங்க ஆளுகளே பாதிப்பேரு வரமாட்டேங்கிறான். உங்க வயல்ல அத்தனை பொம்பளைகளும் நிமிந்துருறாகளா?"

"ஒரே நேரத்துல பாய்" என்றான் தவசி.

பாக்கர் நெஞ்சைத் தடவிக்கொண்டார். "அல்லா, இது எனக்குத் தெரியாமப் போச்சே. தொண்டை கெட்டாலும் சரி, சளி புடிச்சாலும் சரி, இனிமே ஒரு நாளும் குரல் கம்ம விடமாட்டேன்."

அன்று பின்னேரம் வந்த பாங்கு முன்னெப்போதையும் விட நீளமாக இருந்ததாகப் பெண்கள் சொல்லிக்கொண்டார்கள்.

அதன்பின் நாட்கள் நன்றாகவே போயின. முருகேஸ்வரி வெளிச்சத்தில் வீட்டுக்கு வந்தாள். ஊருணியில் தண்ணீர் எடுத்து, அரிசியைப் பார்த்துக் களைந்து, கருவாட்டுக் குழம்பு கூட்டி வைப்பாள். பிள்ளைகள் தின்று முடித்து வாசலில் ஓடுகிற நேரத்தில் இன்னும் கொஞ்சம் பொழுது மிச்சம் இருக்கும். அந்தப் பொழுதில் அவள் ஒன்றும் செய்யாமல் காலை நீட்டி உட்கார்ந்திருப்பாள். கல்யாணமான பிறகு அப்படி உட்கார்ந்த ஞாபகமே அவளுக்கு இல்லை. மற்ற நிலத்துக்காரர்களும் பாங்குக்கே ஆட்களை விட்டார்கள். பள்ளிக்கூடத்து வாத்தியாரும் அதை ஒட்டியே மணியடித்தார். பாங்கு கேட்டதும் ஊரெங்கும் அடுப்புப் புகை கிளம்பும்.

கடைசி வயல் மட்டும் மிச்சம் இருந்த அன்று, மத்தியானத்துக்கு மேல் வானம் கறுத்தது. தை மாதத்தில் அப்படி ஒரு மேகத்தை யாரும் எதிர்பார்க்கவில்லை. அந்த வயல்தான் இருப்பதிலேயே நல்ல வயல். அதன் நெல்லை வைத்துத்தான் அடுத்த விதைப்பு. அறுத்த கட்டுகளும் களத்தில் திறந்து கிடந்தன. போர்த்த ஒன்றும் இல்லை. இருந்த தார்ப்பாயையெல்லாம் கூரை போன வீடுகளுக்குக் கொடுத்தாயிற்று.

பூமிநாதன் வானத்தைப் பார்த்தார், வயலைப் பார்த்தார். பிறகு யாரிடமும் சொல்லாமல் கீழவலசையை நோக்கி நடந்தார். முதலில் நடந்தவர், ஊர் மறைந்ததும் ஓடினார். பள்ளிவாசல் முற்றத்தில் பாக்கர் கைகால் கழுவப் போய்க்கொண்டிருந்தார்.

"பாய், ஒரே ஒரு ஒத்தாசை. இன்னைக்கு மட்டும் கொஞ்சம் பிந்திச் சொல்லுங்க. ஒரு வயல்தான். மழை வந்துரும்."

பாக்கர் அவரை உட்காரச் சொன்னார். தண்ணீர் கொடுத்தார்.

"தம்பி, என் குரலைக் கேளுங்க, தந்துருவேன். நேரம் எங்கிட்ட இல்லையே. நான் அதைச் சொல்லுறவன், வச்சிருக்கிறவன் இல்ல. இன்னைக்கு உங்களுக்காகப் பிந்திச் சொன்னேன்னு வையிங்க, நாளைக்கு அந்தப் பொம்பளைக இந்தக் குரலை நம்புவாகளா? நீங்கதான் நம்புவீகளா?"

பூமிநாதன் குடிக்காத தண்ணீரைக் கீழே வைத்துவிட்டு எழுந்தார்.

"அவுக நிமிந்தா நிமிரட்டும். நிமிந்த பெறகு நீங்க போய்க் கேளுங்களேன். வாய் இருக்குல்ல?"

பூமிநாதன் திரும்பி ஓடி வரும்போது, முதுகுக்குப் பின்னால் பாங்கு கேட்டது. அவர் வயலுக்கு வந்து சேர்ந்தபோது பெண்கள் வரப்பில் நின்று அரிவாளைத் துடைத்துக்கொண்டிருந்தார்கள். வேட்டியெல்லாம் சேறு, மூச்சு வாங்கியது. குடை எங்கே விழுந்ததென்று தெரியவில்லை. அவர் அவர்களுக்கு முன்னால் வந்து நின்றார். அவருக்குச் சொல்லத் தெரியவில்லை. அறு என்று சொல்லியிருக்கிறார், நிறுத்து என்று சொல்லியிருக்கிறார். கேட்டதில்லை.

"ஆத்தா முருகேஸ்வரி" என்றார். "நேரம் முடிஞ்சிருச்சு. எனக்குத் தெரியும். போகணும்னா போங்க, நான் ஒண்ணும் சொல்லமாட்டேன். ஆனா இந்த வயல் ஒண்ணு... இருந்து முடிச்சுக் குடுப்பீகளா?"

மீனம்மாள் மதினியின் முகத்தைப் பார்த்தாள்.

முருகேஸ்வரி சொன்னாள், "முடிக்கிறோம் மொதலாளி. ஆனா எங்க வீடுகள்ல அடுப்பு எரியாது. பிள்ளைக பசியோட இருக்கும். அத்தனை வீட்டுக்கும் சோறு உங்க வீட்டுல."

"சரி."

"சோறு மட்டும் இல்ல, குழம்பும்."

"அடி ஆத்தே, சரி!" என்றார் பூமிநாதன். ஒரு ஆளை வீட்டுக்கு விரட்டினார். பிறகு தலையில் துண்டைக் கட்டிக்கொண்டு வயலில் இறங்கினார்.

அவர் அறுத்ததை எல்லாம் அறுப்பு என்று சொல்ல முடியாது. இரண்டு தடவை விரலை வெட்டிக்கொள்ளப் பார்த்தார். முருகேஸ்வரி அரிவாளைப் பிடுங்கிக்கொண்டு அவரைக் கட்டுச் சுமக்கச் சொன்னாள். கட்டைத் தூக்கிக்கொண்டு அவர் களத்துக்கும் வயலுக்குமாக நடந்தார். ரோட்டு வேலை முடிந்து வந்த தவசியும் மற்ற ஆண்களும் அவரோடு சேர்ந்துகொண்டார்கள்.

பாதி வயல் முடிந்திருந்தபோது கிழக்கு வரப்பில் ஆட்கள் வருவது தெரிந்தது. தொழுகையை முடித்துவிட்டுப் பாக்கர் முன்னால் வந்தார். பின்னால் ஏழெட்டுப் பேர், தோளில் பெரிய பெரிய சுருளாக எதையோ சுமந்து வந்தார்கள். களத்தில் அவிழ்த்துப் போட்ட பிறகுதான் தெரிந்தது, படகுப் பாய்கள். புயலில் படகு உடைந்து, பாய் மட்டும் தப்பியிருந்தது.

"கடல்ல இப்ப இதுக்கு வேலை இல்ல" என்றார் பாக்கர். "நெல்லு நனைஞ்சா எங்களுக்கும்தான் கஞ்சி இல்ல. புடிங்க, இழுத்துக் கட்டுவோம்."

கடைசிக் கட்டு களத்துக்கு வந்ததும் முதல் துளி விழுந்தது. பாய்களை இழுத்து, ஓரத்தில் கல் வைத்து, நான்கு பக்கமும் கயிறு கட்டி முடித்தபோது மழை பிடித்துக்கொண்டது. எல்லோரும் நனைந்துகொண்டே பூமிநாதன் வீட்டு மாட்டுக்கொட்டகைக்கு ஓடினார்கள். அங்கே சண்முகவள்ளி பெரிய அண்டாவில் வடித்து வைத்திருந்தாள். கத்தரிக்காயும் கருவாடும் போட்ட குழம்பு கொதித்தது. அந்தந்த வீட்டுப் பிள்ளைகளை ஏற்கெனவே கூட்டிவந்து உட்கார வைத்திருந்தாள். எடுத்து வைத்திருந்த கடைசி எண்ணெயையும் அன்று விளக்கில் ஊற்றிவிட்டாள்.

முருகேஸ்வரி சுவரோரம் உட்கார்ந்து, தான் ஆக்காத சோற்றைத் தின்றாள். சின்னவள் அவள் முழங்காலில் சாய்ந்துகொண்டு, "மண்ணே இல்லம்மா" என்றாள். பாக்கர் இரண்டாம் முறை குழம்பு கேட்டார். பூமிநாதன் வலிக்கிற தோளைப் பிடித்துக்கொண்டு அவரே எழுந்துபோய் ஊற்றினார்.

நெல் தப்பியது. கீழவலசைக்கும் அதில் பங்கு போனது. நிலம் காய்ந்ததும் புளியடிவயல் ஆட்கள் அங்கே போய்ப் பள்ளிவாசலுக்குக் கூரை வேய்ந்து கொடுத்தார்கள். பிறகு ரோடு வந்தது, கரண்டு வந்தது. பாதையை மேடாக்கி ரயிலும் விட்டார்கள். வண்டி மறுபடி கூவிய அன்று ஊரே கண்மாய்க்கரையில் ஏறி நின்று பார்த்தது. பழையபடி வண்டிக்கே மாறிக்கொள்ளலாமா என்று அடுத்த அறுப்பில் யாரோ கேட்டார்கள். மாற வேண்டியதில்லை என்று முருகேஸ்வரி சொன்னாள். பூமிநாதனும் அதையே சொன்னார். அவருக்கு இப்போது வேறொரு பழக்கம் வந்திருந்தது. வேலை மிஞ்சினால் பாங்கு முடிந்ததும் வரப்பில் வந்து நின்று கேட்பார். பெரும்பாலும் அவர்கள் இருந்து கொடுப்பார்கள், சண்முகவள்ளி அண்டாவை ஏற்றுவாள்.

அந்த அறுப்பில் ஒரு நாள் அவர் அப்படித்தான் வந்து நின்றார். முருகேஸ்வரி அரிவாளைத் துடைத்து இடுப்பில் செருகினாள்.

"இன்னைக்கு முடியாது மொதலாளி. மீனம்மா மகளுக்குக் காது குத்து. சொந்தக்காரக எல்லாம் வந்து உக்காந்திருக்காக."

பூமிநாதன் வயலைப் பார்த்தார். கொஞ்சம்தான் மிச்சம் இருந்தது. "அப்பச் சரி. நாளைக்கு?"

"நாளைக்குப் பாப்போம்" என்றாள் அவள். இரண்டு அடி நடந்தவள் திரும்பி, "நீங்களும் அம்மாவும் காது குத்துக்கு வந்துருங்க. ஆக்கி வச்சிருக்கு" என்று சொல்லிவிட்டுப் போனாள்.